நாற்பது தாள்கள்

ராஜபாளையம்
9-6-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

யுவராணி எழுதுகிறேன். நீங்களும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டே ஆரம்பிக்கிறேன். பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில், நினைத்த நேரத்துக்கு பஸ் ஓடுகிற ஊரில் இருந்துகொண்டு இவள் எதற்குத் தபால் போடுகிறாள் என்று உங்களுக்குக் கோபம் வரலாம். போன வாரம் மூன்று தடவை போனில் கேட்டேன். மூன்று தடவையும் சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டீர்கள். நம் வீட்டு மாடியில் நின்றால் டவரே கண்ணுக்குத் தெரியும் அப்பா. நேரில் வந்தால் தோப்புக்குக் கிளம்பிவிடுவீர்கள். ஆனால் எழுத்தில் வந்த கேள்விக்கு எழுத்தில் பதில் கொடுக்காமல் உங்களால் இருக்க முடியாது. இருபது வருடம் பட்டாளத்தில் கிளார்க்காக இருந்தவர். அந்தப் பழக்கத்தை நம்பித்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஐந்தாம் மாதம் நடப்பது உங்களுக்குத் தெரியும். தெரியாததைச் சொல்கிறேன். பேண்டேஜ் கம்பெனியில் என் மேஜை மாடியில் இருக்கிறது. பதினெட்டுப் படி. போன மாதம் வரை ஓடி ஏறினேன். இப்போது ஏழாவது படியில் நின்று மூச்சு வாங்குகிறேன். தலையணை இரண்டு வைத்தால்தான் படுக்க முடிகிறது. "வயித்துப்புள்ளக்காரிக்கு இதெல்லாம் உள்ளதுதான்" என்றார் என் மாமியார். கல்பனா டாக்டர் அப்படி விடவில்லை. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தவர் வெகு நேரம் எடுக்கவே இல்லை. எக்கோ எடுக்கச் சொன்னார். இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது. இன்று நேற்று வந்த சுருக்கம் இல்லையாம்.

"சின்ன வயசுல காய்ச்சலோட மூட்டு வீங்குச்சா? இருபத்தோரு நாளைக்கு ஒரு தடவை இடுப்புல ஊசி போட்டாங்களா?" என்று கேட்டார்.

போட்டார்கள். ஒன்பது வயதிலிருந்து பதினைந்து வயது வரை. ஊசி போட்ட மறுநாள் ஸ்கூல் பெஞ்சில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருவேன். டீச்சர் திட்டுவார். "அப்புறம் ஏன் நிறுத்தினாங்க?" என்று டாக்டர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. என் உடம்பில் போட்ட ஊசி, எனக்குத் தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

அந்தப் பென்சிலின் ஊசியை மறுபடி ஆரம்பிக்க வேண்டுமாம். ஆனால் ஒத்துக்கொள்ளாமல் போய் நிறுத்தியிருந்தால், இப்போது போடுவது என் உயிருக்கும் வயிற்றில் இருப்பதற்கும் ஆபத்து. காரணம் தெரியாமல் ஊசியைத் தொட மாட்டேன் என்கிறார். அதுவரை மாத்திரை. ஊசி அளவுக்கு அதை நம்ப முடியாது என்றும் அவரே சொல்கிறார். பழைய எக்கோ கிடைத்தால் வால்வு எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது என்றும் தெரியும்.

நீங்கள் ஒரு சிவப்பு ஃபைல் வைத்திருந்தீர்கள். நாடா கட்டி, பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டு, மேலே "செல்வி மா. யுவராணி, மருத்துவம்" என்று உங்கள் முத்து எழுத்தில் எழுதியிருக்கும். அதை ஒரு நாளும் என் கையில் கொடுத்ததில்லை. இப்போது கொடுங்கள். அசலைத் தர மனமில்லை என்றால் ஜெராக்ஸ் எடுத்து அனுப்புங்கள். இந்த வாரத்துக்குள் வேண்டும்.

உங்கள் மகள்,
யுவராணி


ஸ்ரீவில்லிபுத்தூர்
13-6-2025

பொருள்: மருத்துவ ஃபைல் கேட்டல் தொடர்பாக.
பார்வை: உன் கடிதம், நாள் 9-6-2025.

அன்பு மகள் யுவராணிக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

மேற்படி கடிதம் 12-ந் தேதி மாலை கிடைத்தது. பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மூன்று நாள். பனிமலையில் காவல் இருந்தபோதுகூட உன் அம்மா கடிதம் இதைவிடச் சுறுசுறுப்பாக வந்து சேர்ந்தது.

உன் கேள்விக்குப் பதில். அந்த ஃபைலில் பெரிதாக ஒன்றும் இல்லை. சளி, காய்ச்சல், மூட்டுவலி. எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதுதான். இந்தக் காலத்து டாக்டர்கள் தும்மினால் ஸ்கேன் எழுதுகிறார்கள். உன்னைச் சுமந்தபோது உன் அம்மாவும் இப்படித்தான் மூச்சு வாங்கினாள். அப்படியே களை எடுத்தாள், நடவு நட்டாள். நீ பிறந்தாய்.

ஃபைல் பரணில் எங்காவது கிடக்கும். மாம்பழ சீசன் முடியட்டும், தேடிப் பார்க்கிறேன்.

ஒன்று முக்கியம். மாப்பிள்ளை வீட்டில் இந்தப் பேச்சை எடுக்காதே. ராம்குமார் நல்ல பிள்ளை. அவர் அம்மா பரிபூரணத்தம்மாள் சொல்லை எண்ணி வைத்திருந்து சமயம் பார்த்து எடுக்கிறவர். டாக்டரிடம் போவதென்றால் சத்து மாத்திரைக்கு என்று சொல்லிவிட்டுப் போ.

உன் அம்மா நாளை வருவாள். மாம்பழத்தில் சப்பட்டை இருபது, பஞ்சவர்ணம் பத்து கொடுத்து அனுப்புகிறேன். சூடு, அதிகம் சாப்பிடாதே.

இப்படிக்கு,
உன் தந்தை
வே. மாரிச்சாமி
முன்னாள் ஹவில்தார் கிளார்க்


ராஜபாளையம்
18-6-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

மாம்பழம் வந்தது. ஃபைல் வரவில்லை.

அம்மாவைத்தான் கேட்டேன். முதலில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பொறுக்க மாட்டாமல் சொன்னாள்: "பரண்ல ஒரு ஃபைலும் இல்லட்டி. நானே ஏறிப் பாத்துட்டேன். உங்கப்பாதான டாக்டருகிட்ட பேசுவாவ. சரியாப் போச்சுன்னு அவிய சொன்னாவ, நான் சந்தோசப்பட்டேன். எழுதப் படிக்கத் தெரியாதவ நான் என்னத்தக் கண்டேன்?"

அப்படியென்றால் பரண் என்று ஏன் எழுதினீர்கள்?

நேற்று முன்தினம் மதுரைக்குப் போனேன். தனியாகப் போகிற அளவுக்கு மூச்சு இல்லை, அதனால் ராம்குமாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீங்கள் சொல்லாதே என்றீர்கள். என் மூச்சு உங்கள் பேச்சைக் கேட்கவில்லை. எனக்கு வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு செக்‌ஷன் கிளார்க் நல்ல மனிதர். அரை நாள் தேடினார். "குழந்தைங்க ரெக்கார்டு இத்தனை வருசம்தான் வச்சிருப்போம்மா. அதுவும் ஒங்களுக்கு அசல் எல்லாத்தையும் கையில கொடுத்தாச்சு" என்று ஒரு பழைய நோட்டைக் காட்டினார். அதில் "அசல் அனைத்தும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி, வே. மாரிச்சாமி, தந்தை என்று கையெழுத்து. தேதி 20-2-2017. உங்கள் எழுத்தை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

"இது என் தாள்தானே?" என்று கேட்டேன். "அப்ப நீங்க மைனரும்மா" என்றார்.

அந்தத் தேதி எனக்கு ஞாபகம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு ரிவிஷன் டெஸ்ட்டுக்கு மட்டம் போட்டுவிட்டு வந்திருந்தேன். எப்போதும்போல என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு நீங்கள் மட்டும் உள்ளே போனீர்கள். ஆறு வருடமும் அப்படித்தான். பதின்மூன்று வயதில் ஒரு தடவை, நீங்கள் தண்ணீர் பாட்டில் வாங்கப் போன நேரத்தில் நாடாவை அவிழ்த்துவிட்டேன். வந்து பிடுங்கி, "பிள்ளைகள் பார்க்கிற தாள் இல்லை இது" என்றீர்கள். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும் அப்பா, அந்த வயதில். இரண்டு நிமிடம் விட்டிருந்தால் வால்வு என்று படித்திருப்பேன்.

அந்தக் கடைசி நாளில் வெளியே வந்து ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்துச் சொன்னீர்கள்: "எல்லாம் சரியாப் போச்சு. இனி ஆஸ்பத்திரியும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். யாராவது கேட்டா ஒண்ணும் இல்லைன்னு சொல்லு." எனக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்திலேயே நல்ல அப்பா நீங்கள்தான் என்று பஸ்ஸில் உங்கள் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தேன்.

டாக்டர் அப்படிச் சொன்னாரா? ஆமாம், இல்லை, ஒன்றை எழுதுங்கள். ஃபைல் எங்கே? அதையும் எழுதுங்கள்.

யுவராணி


ஸ்ரீவில்லிபுத்தூர்
23-6-2025

பொருள்: மேற்படி ஃபைலின் உண்மை நிலை.
பார்வை: உன் கடிதம், நாள் 18-6-2025.

அன்பு மகள் யுவராணிக்கு,

நீ மதுரை வரை அலைந்திருக்க வேண்டாம். கேட்டுவிட்டாய். பதில் சொல்கிறேன், முழுவதும் படி.

2009-ல் யூனிட்டில் வருடாந்திர மெடிக்கல் நடந்தது. டாக்டர் என் தாளில் ரத்த அழுத்தம் என்று ஒரு வரி எழுதினார். உடல்தகுதிக் கேட்டகரியை இறக்கினார்கள். அந்த வருடம் நாயப் சுபேதார் பதவி உயர்வு லிஸ்டில் என் பெயர் மூன்றாவதாக இருந்தது. வரி விழுந்ததும் பெயர் போயிற்று. எனக்குப் பின்னால் சேர்ந்தவனுக்கு இரண்டு வருடம் சல்யூட் அடித்துவிட்டு ஊருக்கு வந்தேன். எனக்கு மயக்கமும் வந்ததில்லை, தலைவலியும் வந்ததில்லை. நோய் என்னை ஒன்றும் செய்யவில்லை. தாள்தான் செய்தது.

நான் ஊருக்கு வந்த வருடமே உனக்குக் காய்ச்சல். முழங்கால் வீங்கி நடக்க மாட்டாமல் அழுதாய். ஊசி ஆரம்பித்தார்கள். நான் ஒரு தவணை தவறவிட்டதில்லை, அதையும் நீ நினைத்துப் பார். ஆனால் உனக்குப் பதினைந்து வயதானபோது ஊர் எண்ண ஆரம்பித்தது. பஸ்ஸில் ஒருத்தி உன் அம்மாவிடம், "மாசந்தவறாம புள்ளைய எங்க கூட்டிட்டுப் போறீக? வயசுப் புள்ளைக்கு என்ன கோளாறு?" என்று நாலு பேர் கேட்கக் கேட்டாள். நம் ஆட்கள் பெண் கேட்டு வருமுன் எங்கெல்லாம் விசாரிப்பார்கள் என்று உனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் விசாரிப்பார்கள், மெடிக்கல் ஷாப்பில் விசாரிப்பார்கள். நீ ஓடினாய், ஆடினாய், கோகோவில் கப் வாங்கினாய். நல்லாத்தானே இருக்கிறாள் என்று நினைத்தேன். நிறுத்தினேன். டாக்டர் சொல்லி அல்ல. நான் நிறுத்தினேன்.

ஃபைலை அதற்குப் பிறகும் வைத்திருந்தேன். 2023-ல் ராஜபாளையத்துச் சம்பந்தம் வந்தது. வீடு பார்க்க வருகிற கூட்டத்தில் ஒரு நர்ஸம்மா இருப்பதாகத் தகவல் கிடைத்தது. வீட்டில் அப்படி ஒரு ஃபைல் இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். பட்டாளத்தில் காலாவதியான தாள்களை எப்படி அழிப்போமோ அதே முறைப்படி, சாட்சி வைத்து, விவரம் எழுதி அழித்தேன். கண்டபடி கிழித்துப் போடவில்லை. அந்தச் சான்றின் நகலை இணைத்திருக்கிறேன். உன் டாக்டருக்கு உதவுமானால் காட்டு.

இப்போதும் சொல்கிறேன், உனக்கு நல்ல இடம் அமைந்தது அந்த ஃபைல் இல்லாததால்தான்.

இப்படிக்கு,
உன் தந்தை
வே. மாரிச்சாமி

இணைப்பு: 1

அழிப்புச் சான்று
நாள்: 27-8-2023. இடம்: வன்னியம்பட்டித் தோப்பு, மோட்டார் ரூம் பின்புறம். முறை: தீயிட்டு.
வெளிநோயாளி சீட்டு: 22
டிஸ்சார்ஜ் தாள்: 1
ரத்தப் பரிசோதனை: 9
எக்கோ அறிக்கை (2011, 2013, 2015, 2017): 4
பென்சிலின் ஊசி அட்டை (ஊசி எண் 1 முதல் 97 வரை, எல்லாவற்றிலும் "ஒத்துக்கொண்டது" எனக் குறிப்பு உள்ளது): 3
டாக்டரின் கடிதம் ("இருபத்தைந்து வயது வரையாவது ஊசியை நிறுத்தக் கூடாது", தந்தையின் கையொப்பம் பெறப்பட்டது): 1
ஆகத் தாள்கள் நாற்பது. முழுவதும் எரிந்ததை நேரில் பார்த்தேன்.
சாட்சி: மொக்கைச்சாமி, முன்னாள் நாயக்.


ராஜபாளையம்
28-6-2025

அப்பாவுக்கு,

உங்கள் சான்றைக் கல்பனா டாக்டரிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்க அப்பா என்ன வேலை பாத்தாரு?" என்று கேட்டார். கிளார்க் என்றேன். "நல்ல கிளார்க்" என்றார்.

உண்மைதான். தொண்ணூற்றேழு ஊசியும் ஒத்துக்கொண்டது என்று நீங்கள் எழுதியிருந்ததால் அவருக்குத் தைரியம் வந்தது. டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்த்துவிட்டு அன்றைக்கே ஊசி போட்டார். என் கணக்கில் அது தொண்ணூற்றெட்டாவது. நடுவில் எட்டு வருடம், ஏறக்குறைய நூற்று நாற்பத்தைந்து ஊசி காணாமல் போயிருக்கிறது. அந்த இடைவெளியில் எத்தனை தொண்டைவலி, எத்தனை காய்ச்சல்! ஹாஸ்டலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு பரீட்சை எழுதினேன். ஒவ்வொன்றும் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தைத்துக்கொண்டே வந்திருக்கிறது என்று டாக்டர் விளக்கினார். அவ்வளவு காலமும் நான் நல்லாத்தானே இருந்தேன், உங்கள் கண்ணுக்கு.

எனக்கு உதவியது எது பார்த்தீர்களா? எரித்ததற்கு எழுதிய ரசீது. என்னைக் காப்பாற்றுகிற தாள்களை எரித்துவிட்டு, எரித்த விவரத்தை மட்டும் பத்திரமாக பீரோவில் வைத்திருந்தீர்கள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் டாக்டர் ரூமிலேயே சிரித்துவிட்டேன். ராம்குமார் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

அந்தக் கடைசித் தாளைப் பற்றி. நிறுத்தக் கூடாது என்று டாக்டர் எழுதி, உங்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார். நீங்கள் போட்டிருக்கிறீர்கள். போட்டுவிட்டு வெளியே வந்து எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். அந்தக் கடிதம் என்னைப் பற்றியது. அதை ஒரு தடவை எனக்குப் படித்துக் காட்டியிருந்தால், பதினைந்து வயதிலேயே நானே பஸ் ஏறிப் போய்ப் போட்டுக்கொண்டிருப்பேன். ஊர் என்ன எண்ணினால் எனக்கென்ன? வலித்தது எனக்கு, எண்ணியது ஊர், பயந்தது நீங்கள்.

போன வாரமே மாமியாருக்கும் தெரிந்துவிட்டது. நீங்கள் பயந்த மாதிரியே ஆயிற்று, திருப்திதானே? மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் அடுப்படியில் வைத்துக் கேட்டார்: "முன்னாடியே சொல்லியிருந்தா நாங்க என்ன கடிச்சா தின்னுருப்போம்? ஆஸ்பத்திரிக்குப் போயி சரி பண்ணிட்டு பொறவு கல்யாணத்த வச்சிருப்போம்ல. இப்ப ரெண்டு உசுரு ஊசலாடுது. எம்புட்டு தைரியமா மறைச்சிருக்காக!" அவர் கோபம் என் வால்வின் மேல் இல்லை. மறைத்ததன் மேல். அந்தக் கோபத்துக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன், செய்தவர் நீங்கள்.

இனி உங்கள் நம்பரை எடுக்க மாட்டேன்.

யுவராணி


ஸ்ரீவில்லிபுத்தூர்
3-8-2025

பொருள்: மதுரை ஆஸ்பத்திரியில் எனக்கு நேர்ந்தது.
பார்வை: நான் எழுதிப் பதில் வராத மூன்று கடிதங்கள்.

அன்பு மகள் யுவராணிக்கு,

தேர் நிலைக்கு வந்த மறுநாள் உன் அம்மா வாய் தவறிச் சொல்லிவிட்டாள், உன்னை மதுரையில் அட்மிட் பண்ணியிருக்கிறது, பலூன் வைத்து வால்வை விரிக்கப் போகிறார்கள் என்று. ஏழாம் மாதம் நடக்கும்போது இருதயத்தில் பலூன். கேட்டதும் இருந்த சட்டையோடு பஸ் ஏறினேன்.

அங்கே கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். என் மகள், எந்த வார்டு, என்ன நிலைமை, ரிப்போர்ட்டைக் காட்டும்மா என்று கேட்டேன். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "பேஷண்டுக்கு இருபத்து மூணு வயசு சார். அவங்க சம்மதம் இல்லாம எதுவும் சொல்ல முடியாது" என்றாள். பட்டாளத்து அட்டையைக் காட்டினேன். ஆதாரைக் காட்டினேன். "நான் அவ அப்பன்ம்மா" என்றேன். அவள் குரலைத் தணித்துக்கொண்டு, "தெரியுது சார். உங்க பேரத்தான் எழுதிக் கொடுத்திருக்காங்க" என்றாள்.

என்ன எழுதிக் கொடுத்திருக்கிறாய்? எல்லையில் நின்றபோதுகூட என்னை யாரும் இப்படி வழி மறித்ததில்லை. நாலு மணி நேரம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். போகிற வருகிற நர்ஸ்களின் கையில் ஃபைல், ஃபைலாகப் போனது. எது உன்னுடையது என்று தெரியவில்லை. பெற்றவனுக்குப் பார்க்க உரிமை இல்லையா? இது எந்த ஊர்ச் சட்டம்?

தலைப்பிரசவம் அப்பன் வீட்டில்தான் நடக்க வேண்டும். கீழ் ரூமுக்கு வெள்ளை அடித்து வைத்திருக்கிறேன். வளைகாப்புக்கு நாள் பார்க்க வேண்டும். பதில் எழுது.

உன் தந்தை
மாரிச்சாமி


ராஜபாளையம்
14-8-2025

அப்பாவுக்கு,

உங்கள் பழைய மூன்று கடிதங்களையும் படித்தேன். ஃபைல் செய்யவில்லை.

அட்மிஷனில் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். உங்கள் உடல்நிலை பற்றி யாரிடம் சொல்லலாம் என்று ஒரு கட்டம். ராம்குமார் என்று எழுதினேன், அம்மா பெயரை எழுதினேன். பிறகு, யாரிடம் சொல்லக் கூடாது என்று எங்கே எழுதுவது என்று கேட்டேன். அதற்கு ஃபாரத்தில் இடமே இல்லை. யாரும் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். வே. மாரிச்சாமி, தந்தை என்று எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் இரண்டு தடவை பேனாவைக் கீழே வைத்தேன். ஆனாலும் எழுத்து கோணாமல்தான் வந்தது, உங்களிடம் கற்றது.

நீங்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சு எனக்குத் தெரியும். வேறு ஆஸ்பத்திரி, வேறு பெஞ்சு, ஆனால் உட்காரும் விதம் ஒன்றுதான். கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்ப்போம். உள்ளே நம்மைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. நீங்கள் நாலு மணி நேரம் உட்கார்ந்தீர்கள். நான் ஆறு வருடம்.

உங்களிடம் அன்பு இல்லை என்று நான் எழுதினால் அது பொய். ஒன்பது வயதில் பஸ் ஸ்டாண்டிலிருந்து என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள். உங்கள் பனியன் நனைந்து என் கன்னத்தில் ஒட்டியது. அது மறந்து தொலைந்தால் இந்தக் கடிதம் எனக்குச் சுலபமாக இருக்கும். என் காலை உங்களால் அப்படித் தூக்கிக்கொண்டு ஓட முடிந்தது. என் கல்யாணம் என்று வந்ததும் என் நெஞ்சைக் கீழே போட்டுவிட்டீர்கள்.

வளைகாப்பு இங்கேயே நடக்கும். மாமியார் நாள் குறித்துவிட்டார். அம்மா வந்து பிரசவம் முடியும் வரை இங்கே இருப்பாள். நான் கட்டாயப்படுத்தவில்லை. "அவியளுக்குச் சோறாக்கிப் போட்டுக்கிட்டு என்னால அங்க இருக்க முடியாதுட்டி" என்று அவளே சொன்னாள். கீழ் ரூமில் மாம்பழத்தை அடுக்குங்கள்.

நீங்கள் வர வேண்டாம்.

யுவராணி ராம்குமார்


ஸ்ரீவில்லிபுத்தூர்
16-11-2025

பாப்பா,

பொருள், பார்வை எல்லாம் எழுத வரவில்லை.

உன் அம்மா போய் மூன்று மாதம் ஆகிறது. போன் போட்டால் எடுக்கிறாள். அரிசி எங்கே இருக்கிறது, கேஸ் புத்தகம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் சொல்கிறாள். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் மட்டும், "அவ சொல்லச் சொன்னா சொல்லுதேன்" என்கிறாள். முப்பது வருடத்தில் அவள் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. பத்து நாளைக்கு முன்னால் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு குழந்தை அழுதது. சின்னக் குரல். பூனைக்குட்டியோ என்று முதலில் நினைத்தேன். உன் அம்மா சட்டென்று போனை வைத்துவிட்டாள். ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. நல்ல அழுகையா, சீக்கு அழுகையா என்று தெரியவில்லை. நீ இருந்து அது அழுகிறதா, நீ ஆஸ்பத்திரியில் கிடக்க அது அழுகிறதா என்றும் தெரியவில்லை.

மாப்பிள்ளைக்கு எழுதினேன். "அவளைக் கேளுங்க மாமா" என்று ஒரு வரி பதில் போட்டார். தெருவில் கேட்கிறார்கள், மகளுக்கு என்ன பிள்ளை என்று. எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. சுகமாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிடுகிறேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். சான்றில் அதை எழுதவில்லை. அன்றைக்குத் தோப்பில் டாக்டரின் கடிதத்தைக் கடைசியாகத்தான் போட்டேன். போடுமுன் ஒரு தடவை படித்தேன். போட்ட பிறகு கம்பால் வெளியே இழுக்கப் பார்த்தேன். ஓரம் மட்டும்தான் பிடித்திருந்தது, எடுத்திருக்கலாம். மொக்கைச்சாமி, "ஏலே, என்னத்தத் தேடுத?" என்று கேட்டான். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுக் கம்பைப் போட்டுவிட்டேன். அவன் எதிரில் பின்வாங்க வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். உன் உயிரை அந்த வெட்கத்துக்குக் கொடுத்தேன். நான் செய்தது தப்பு பாப்பா. நோயைத் தாள் என்று நினைத்துவிட்டேன்.

தெரியாமல் இருப்பது என்றால் என்ன என்று இந்த மூன்று மாதத்தில் தெரிந்துகொண்டேன். நீ வர வேண்டாம். என்னைக் கூப்பிட வேண்டாம். பிள்ளையைக் காட்டவும் வேண்டாம். ரிப்போர்ட்டும் கேட்கவில்லை. பலூன் வைத்தது பலித்ததா? உன் நெஞ்சு இப்போது எப்படி இருக்கிறது? ஒரே ஒரு வரி எழுதிப் போடு. நீ என்ன எழுதினாலும் அதை நம்புவேன்.

அப்பா


ராஜபாளையம்
24-11-2025

பொருள்: என் உடல்நிலை பற்றிக் கேட்டல் தொடர்பாக.
பார்வை: தங்கள் கடிதம், நாள் 16-11-2025.

அப்பாவுக்கு,

எல்லாம் சரியாப் போச்சு. இனி ஆஸ்பத்திரியும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். யாராவது கேட்டால் ஒன்றும் இல்லை என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
யுவராணி ராம்குமார்

இணைப்பு: இல்லை